மூட்டு வலி: சுங்கை சிப்புட் மக்கள் கேட்டவையும் ஓய்வு பெற்ற மருந்தாளரின் பதில்களும்

அரசு மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வாத நோய் மருந்துகள் எனக்குப் பழக்கம். எலும்பு முறிவு, முட்டி மாற்றும் அறுவை என்று கேட்டவர்கள் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

ரப்பர் தோட்டத்தில் மரம் சீவிய அக்கா: காலையில் இரண்டு கை விரல்களும் மடங்குவதில்லை. தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் விடிகாலைப் பெரட்டு நேரத்துக்கு எழுந்தால் காப்பிக் கோப்பையைக்கூடப் பிடிக்க முடியவில்லை. பத்து மணிக்கு மேல் சரியாகிவிடுகிறது. தேய்மானம்தானே?

அப்படி நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள் அக்கா. தேய்மானத்தில் காலை விறைப்பு பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும். வேலை செய்யச் செய்ய வலி கூடும். உங்களுக்கு நேர்மாறாக இருக்கிறது. வீட்டில் யாரையாவது கை குலுக்குவதுபோல உங்கள் கையைப் பிடித்து, நான்கு விரல்களின் அடிக்கணுக்களையும் சேர்த்து மெல்ல அழுத்தச் சொல்லுங்கள். வலியில் கையை இழுத்துக்கொண்டால், அதிலும் கணு கொழகொழவென்று வீங்கியிருந்தால், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும் முடக்குவாதமாக இருக்கலாம். அரசு கிளினிக் கெசிஹாத்தானில் விறைப்பு எத்தனை மணி நேரம் இருக்கிறது என்பதை முதலில் சொல்லுங்கள். ருமட்டாய்ட் ஃபேக்டர், ஆன்ட்டி சிசிபி, ஈஎஸ்ஆர் என்ற ரத்தப் பரிசோதனைகளைப் பற்றிக் கேளுங்கள்.

அவசரப்படுத்தக் காரணம் உண்டு. முதல் ஓரிரு வருடங்களிலேயே எலும்பை நோய் அரிக்கத் தொடங்கிவிடும். அரித்தது திரும்ப வளராது. ஆன்ட்டி சிசிபி சிலருக்கு வீக்கம் வருவதற்குப் பல வருடங்கள் முன்பே ரத்தத்தில் தெரியும். அப்படிப்பட்டவர்களுக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அபாடாசெப்ட் ஊசி கொடுத்துப் பார்த்த இரண்டு ஆய்வுகள் 2024-இல் வெளிவந்தன. நோய் வருவது தள்ளிப்போனது. மருந்தை நிறுத்திய பிறகு பலருக்கு வந்தது. ஆகவே அது இன்னும் வழக்கமான சிகிச்சை ஆகவில்லை. ஆனால் மருத்துவம் எந்தப் பக்கம் நகர்கிறது பாருங்கள்: மூட்டு கோணிய பிறகு பார்ப்பது என்ற காலம் போய்விட்டது. நம் மலேசிய முடக்குவாத நோயாளிகளில் இந்தியர்கள், மக்கள்தொகைப் பங்கைவிட அதிகம். இதையும் மனதில் வையுங்கள்.

ஓர் ஆசிரியை: அம்மாவுக்கு மெத்தோட்ரெக்சேட் எழுதியிருக்கிறார்கள். புற்றுநோய் மருந்தாமே?

புற்றுநோய்க்கும் கொடுப்பார்கள், அங்கே அளவு பல மடங்கு பெரியது. முடக்குவாதத்துக்கு இன்றும் முதலில் எடுப்பது இதுதான்.

இப்போது நான் கத்தியே சொல்லும் விஷயம்: வாரத்துக்கு ஒரே நாள். தினமும் விழுங்கினால் வாயெல்லாம் புண்ணாகி, எலும்பு மஜ்ஜை படுத்து, உயிரே போகலாம். கோயிலுக்குப் போகும் வெள்ளிக்கிழமையை வைத்துக்கொள்ளுங்கள். டப்பா மேல் 'வெள்ளி' என்று முழுதாக எழுதுங்கள். ஃபோலிக் ஆசிட்டை வேறு நாளில், மருத்துவர் சொன்னபடி. ரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. தண்ணி போடுபவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. குழந்தை பெறும் எண்ணம் உள்ள பெண்களுக்கு இந்த மருந்து ஆகாது. முன்கூட்டியே சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும்.

செம்பனைத் தோட்டத்து அண்ணன்: கால் பெருவிரல் நள்ளிரவில் நெருப்பாய் எரிகிறது. யூரிக் ஆசிட் என்றார்கள். பருப்பை நிறுத்திவிட்டேன்.

பருப்பைத் திரும்பச் சாப்பிடுங்கள் அண்ணே. பீர், சம்சு என்ற மலிவுச் சாராயம், ஈரல், நெத்திலி, சீனித் தண்ணீர், இவற்றைக் குறையுங்கள். யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் அலோபுரினால் மாத்திரை தொடங்கினால் சிறிய அளவில் தொடங்கி, ரத்தத்தில் யூரிக் ஆசிட் லிட்டருக்கு 360 மைக்ரோமோலுக்குக் கீழே வரும்வரை ஏற்றுவார்கள். தோலில் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

மூன்று பேர்: இரவில் குளித்தால் வாதம் வருமா?

வராது.

ஒரு தம்பி: பசார் மாலாம் இரவுச் சந்தையில் மாஜூன் என்ற நாட்டு மருந்து வாங்கி அப்பாவுக்குக் கொடுத்தேன். இரண்டே நாளில் எழுந்து நடந்தார். நீங்கள் சொல்வதெல்லாம் மாதக்கணக்கில்!

இரண்டே நாளில் என்றதும்தான் எனக்குப் பயம். அதில் பெரும்பாலும் டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருக்கும். மருந்துகளைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான என்பிஆர்ஏ இப்படிப்பட்ட பாரம்பரிய மருந்துகளைப் பிடித்து எச்சரித்துக்கொண்டே இருக்கிறது. டப்பாவில் எம்ஏஎல் என்ற பதிவு எண் இருந்தால் மட்டும் போதாது. போலி எண்ணும் உண்டு, அவர்கள் இணையதளத்தில் தட்டிப் பாருங்கள். அப்பாவின் முகம் உருண்டையாகிவிட்டதா? சொந்தக்காரர்கள் 'சதை போட்டிருக்கிறார்' என்று சந்தோஷப்படுவார்கள். அது சதை இல்லை.

அதே தம்பி: நீங்களும் ப்ரெட்னிசோலோன் கொடுக்கிறீர்களே! அதுவும் ஸ்டீராய்டுதானே? உங்களுக்கு ஒரு நியாயம், கடைக்காரருக்கு ஒரு நியாயமா?

நல்ல கேள்வி. நம் ஊர்த் தோட்டங்களில் மூன்று துரைமார்கள் சுடப்பட்டு அவசரகாலம் அறிவிக்கப்பட்டதே, அதே 1948-இல்தான் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் முதன்முதலாக ஒரு முடக்குவாதப் பெண்ணுக்குக் கார்ட்டிசோன் ஊசி போட்டார். படுக்கையில் கிடந்தவர் சில நாட்களில் நடந்தார். 1950-இல் நோபல் பரிசு. அற்புதம் என்று அள்ளிக் கொடுத்த பிறகுதான் உடைந்த எலும்பும் ஏறிய சர்க்கரையும் தெரிந்தன. அந்தப் பாடத்துக்குப் பிறகு எங்களுக்கு அளவு தெரியும், எவ்வளவு நாள் என்று தெரியும், எப்படிக் குறைப்பது என்று தெரியும். 65 வயது தாண்டிய முடக்குவாத நோயாளிகளுக்குத் தினம் 5 மில்லிகிராம் ப்ரெட்னிசோலோன் கொடுத்த 2022 ஆய்வில்கூட வலி குறைந்தது, கிருமித் தொற்று கூடியது. அளந்து கொடுத்தே அப்படி. உங்கள் மாஜூனில் எவ்வளவு என்று விற்றவருக்கே தெரியாது.

வேறொருவர்: அப்படியானால் நாட்டு மருந்தெல்லாம் பொய்யா?

நான் அப்படிச் சொல்லவில்லை. வேப்பெண்ணெய் தடவுவதற்கு யார் குறுக்கே நின்றார்கள்? நாட்டு மருந்து என்ற பெயரில் கம்பெனி மாத்திரையைப் பொடித்துப் போடுவதைத்தான் சொல்கிறேன்.

பல்கலைக்கழக மாணவி: அக்காவுக்கு லூபஸ், எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்கும் நோய். ஜெர்மனியில் குணமாக்கிவிட்டார்களாமே?

எர்லாங்கன் நகரில் கியோர்க் ஷெட் குழுவினர் செய்தது. நோயாளியின் டி செல்கள் என்ற எதிர்ப்பு அணுக்களை ரத்தத்திலிருந்து எடுத்து, நோயைத் தூண்டும் பி செல்களை அடையாளம் கண்டு அழிக்கும்படி மரபணுவை மாற்றி, திரும்பச் செலுத்துகிறார்கள். சில மாதங்களில் புதிய பி செல்கள் வருகின்றன. பழைய கோளாறு இல்லாமல். 2024-இல் 15 பேரின் முடிவை வெளியிட்டார்கள். அதில் லூபஸ் உள்ள 8 பேரும் மருந்தில்லாமல் அமைதி நிலைக்கு வந்திருந்தார்கள். எனக்கே படித்தபோது சிலிர்த்தது. ஆனால் 15 பேர்தான் அம்மா. செலவும் ஆபத்தும் பெரிது. அது எல்லோருக்கும் கிடைக்கும்வரை அக்கா லூபஸுக்கான ஹைட்ராக்சிகுளோரோகுவின் மாத்திரையை விடக் கூடாது, கர்ப்பமானாலும். வருடாந்திரக் கண் பரிசோதனை, வெயிலுக்குக் குடை.

ஓர் ஐயா: முடக்குவாதத்துக்கு ஊசி வேண்டாம், டோஃபாசிட்டினிப் மாத்திரை கேட்கலாமா?

வயது 65 தாண்டியிருந்தாலோ, சிகரெட் பழக்கமோ இதய நோயோ இருந்தாலோ யோசித்துத்தான் கொடுப்பார்கள். காசநோய்ப் பரிசோதனை கட்டாயம்.

இரவுக் குளியல், நான்காவது ஆள்.

முன்னே சொன்ன பதிலைப் படியுங்கள்.

மாஜூன் தம்பி: சரி ஐயா. அப்பா ஒரு வருடமாகச் சாப்பிடுகிறார். இன்றே தூக்கிப் போட்டுவிடவா?

வேண்டாம்! இத்தனை நாள் ஸ்டீராய்டு உள்ளே போனதால் உடம்பு தன் ஸ்டீராய்டைச் சுரக்க மறந்திருக்கும். சட்டென நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து மயங்கிவிடுவார். நாளைக் காலையே டப்பாவோடு கிளினிக்குக் கூட்டிப் போங்கள். அளவிட்ட மாத்திரைக்கு மாற்றி, அவர்களே படிப்படியாக இறக்குவார்கள். வாந்தி, தலைசுற்றல் இருந்தால் காலைவரை காத்திருக்காதீர்கள், அவசரப் பிரிவு. டப்பாவை மறக்க வேண்டாம்.