டாம்போரினில் கஞ்சிரா பழகலாமா?

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்குக் கஞ்சிரா கற்றுக்கொள்ள ஆசை. வீட்டில் ஒரு டாம்போரின் இருக்கிறது. இரண்டும் ஒரே குடும்பம்தானே, அதிலேயே பழகலாமா? புதிதாக வாங்குவதானால் எதைப் பார்க்க வேண்டும்? தோலில் தண்ணீர் தடவ வேண்டும் என்கிறார்கள், தோல் கெட்டுவிடாதா?

பதில்: குடும்பம் ஒன்றுதான். ஆனாலும் டாம்போரினில் பழக வேண்டாம்.

மரச் சட்டத்தின் ஒரு பக்கம் தோலை ஒட்டி, விளிம்பில் துளையிட்டு உலோகச் சில்லுகளைக் கோத்த வாத்தியம் உலகின் பல மூலைகளில் உண்டு. அரபு நாடுகளின் ரிக்கில் ஐந்து இடங்களில் இரண்டிரண்டு ஜோடியாக மொத்தம் 10 ஜோடி சில்லுகள். மீன் தோல் போர்த்துவது அங்கே வழக்கம். போர்ச்சுக்கீசியர் வழியாகப் பிரேசில் போன பாண்டெய்ரோவில் சில்லுகள் கிண்ணம்போல் குழிந்திருப்பதால் ஒலி நீளாமல் சட்டென அறுந்துவிடும். டாம்போரின் ஐரோப்பாவில் இடைக்காலத்திலிருந்தே உண்டு. 18ஆம் நூற்றாண்டில் துருக்கிய ராணுவ இசையின் மேல் பிறந்த மோகம் அதை ஆர்கெஸ்ட்ராவுக்குள் கொண்டுவந்தது. இவை மூன்றிலும் சில்லு பாதிப் பாட்டைப் பாடிவிடும்.

கஞ்சிரா போன வழி நேர் எதிர். பஜனையில் தாளத்துக்குத் தட்டிக்கொண்டிருந்த இந்த வாத்தியத்தை, புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தார். அவருடைய சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை, பின்னால் பழனி சுப்பிரமணிய பிள்ளை, ஹரிசங்கர் என்று கைமாறி, மிருதங்கத்தோடு சரிக்குச் சரி தனி ஆவர்த்தனம் (கச்சேரியில் தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி) வாசிக்கும் வாத்தியமாக அது வளர்ந்தது. மிருதங்கச் சொல்லை, அதாவது அதன் அடிகளின் ஒலியை, ஒரே கையால், ஒரே தோலில் பேச வேண்டும் என்றால் சில்லு அதிகமாக இருப்பது இடைஞ்சல். அதனால்தான் ஒரே ஒரு பிளவு, அதில் 2 முதல் 4 சில்லுகள். அந்தக் காலத்தில் காசையே துளையிட்டுக் கோப்பார்கள்.

டாம்போரின் உதவாததற்குக் காரணம் இதுதான். கஞ்சிராவின் உயிர் கும்கி. பிடித்திருக்கும் இடது கையின் விரல் நுனி, தோலை விளிம்போரம் அழுத்தும். வலது கை தட்டும் அதே நொடியில் அழுத்தம் மாறும்போது ஒலி கீழிருந்து மேலே வழுக்கும். அதற்குத் தோல் தொய்வாக இருக்க வேண்டும், சட்டம் ஒரு கைக்குள் அடங்க வேண்டும். கடையில் கிடைக்கும் 10 அங்குல டாம்போரினில் விறைப்பான பிளாஸ்டிக் தோல், சுற்றிலும் சில்லுகள். விரல் எட்டாது, எட்டினாலும் ஒலி அசையாது. குழந்தை மணிக்கட்டை உதறி உதறிச் சில்லை ஒலிக்கப் பழகிவிட்டால், அந்தப் பழக்கத்தை விடுவிக்க ஆசிரியர் மாதக்கணக்கில் பாடுபட வேண்டும்.

வாங்கும்போது 7 முதல் 8 அங்குல விட்டத்தில், பலா மரச் சட்டமாகப் பாருங்கள். குழந்தையின் இடது கையில் கொடுத்து, கீழ் விளிம்பைப் பிடித்தபடி விரல் நுனி தோலைத் தொடுகிறதா என்று பாருங்கள். தொடவில்லை என்றால் சட்டத்தின் ஆழம் அவளுக்கு அதிகம். தோலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் தடிப்பு ஒரே சீராகத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் மெலிந்திருந்தால் என்ன செய்தாலும் இரண்டு சுருதி கேட்கும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கஞ்சிராவின் பழைய தோல் உடும்புத் தோல். உடும்பு, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதன் தோலை வாங்குவதும் விற்பதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். "நாதமே தனி" என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். ஆட்டுத் தோல் போதும். செயற்கைத் தோலும் கிடைக்கிறது. அதற்குத் தண்ணீர் வேண்டாம், மழைக்காலத்தில் தொந்தரவில்லை. கும்கி மட்டும் சற்றே குறையும்.

இனி தண்ணீர். காய்ந்த தோல் விறைத்து "டண் டண்" என்று மேலே நிற்கும். தோலின் நார்கள் நீரை உறிஞ்சினால் இழுவிசை குறையும், எடை கூடும், சுருதி இறங்கும். பாடகரின் ஆதார சுருதிக்குக் கஞ்சிராவைச் சேர்ப்பதில்லை. அடி கனத்து, விரல் அழுத்தத்துக்கு இசைகிற இடம்தான் இலக்கு. கால் டீஸ்பூன் தண்ணீரை விரல்களில் எடுத்து, தோலின் உள்பக்கம் நடுவிலிருந்து வட்டமாகப் பரப்புங்கள். ஒட்டியிருக்கும் விளிம்புக்கு அரை அங்குலம் முன்பே நிறுத்திவிடுங்கள், பசையில் நீர் இறங்கினால் தோல் அங்கிருந்துதான் கிளம்பும். 5 நிமிடம் பொறுத்துத் தட்டிப் பாருங்கள். சுருதி இன்னும் உயரமாக இருந்தால் மறுபடி சில துளிகள். ஆட்டுத் தோல் தடிப்பாக இருந்தால் நீரும் நேரமும் கூடுதலாகக் கேட்கும்.

பலரும் தவறுவது பொறுமையில்தான். ஒலி உடனே இறங்கவில்லையே என்று மேலும் மேலும் ஊற்றுவார்கள். பத்து நிமிடம் கழித்து எல்லா நீரும் ஊறியதும் தோல் தளர்ந்து, தட்டினால் அட்டைப்பெட்டிச் சத்தம் வரும். அப்படி ஆனால் விசிறிக் காற்றில் வையுங்கள். அடுப்பு, வெயில், முடி உலர்த்தி வேண்டாம். ஈரத்தோல் வேகமாகச் சுருங்கும்போது விளிம்பில் கிழியும். அளவாகத் தடவினால் தண்ணீரால் தோல் கெடாது.

வாசிக்க வாசிக்கத் தோல் காயும், ஏசி அறையில் இன்னும் சீக்கிரம். ஒரு மணி நேர வகுப்பில் இடையே ஓரிரு முறை துளி நீர் தேவைப்படும். பையில் சின்னக் குப்பி இருக்கட்டும். முடிந்ததும் ஈரத்தோடு உறையில் போடாமல் அரை மணி நேரம் ஆறவிட்டு, பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.