அடித்தாரா, வாசித்தாரா?

கேள்வி: போன இதழில் ஹென்ரி கவல் என்ற அமெரிக்க இசையமைப்பாளருக்கு நான்கு பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். முழங்கையால் பியானோவை அடித்தவருக்கு இது கொஞ்சம் அதிகமில்லையா? அவரிடம் படித்த ஜான் கேஜைப் பற்றி எழுதியிருந்தாலாவது நாலு பேருக்குத் தெரிந்த பெயராக இருந்திருக்கும்.
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: 'அடித்தவர்' என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தச் சொல்லோடு எனக்கு ரொம்ப நாள் சண்டை. எங்களுக்கு வரும் கச்சேரிக் குறிப்புகளில் மிருதங்கம் 'வாசித்தார்' என்று இருக்கும், வீணை 'மீட்டினார்' என்று இருக்கும். திருவிழாச் செய்தியோ சாவு ஊர்வலமோ வந்தால் மட்டும் பறை 'அடித்தார்கள்'. இதுவும் தோல், அதுவும் தோல். இதிலும் கணக்கு உண்டு, அதிலும் உண்டு. கையில் வைத்திருப்பவர் யார் என்று பார்த்து வினைச்சொல்லை மாற்றிவிடுகிறோம். 'பறை இசைத்தார்கள்' என்று நான் திருத்திப் போட்டால், அப்படிச் சொல்லும் வழக்கமே இல்லை என்று கடிதம் வருகிறது. வரட்டும், நான் திருத்துவதை விடப்போவதில்லை. உங்கள் கேள்வியை மட்டும் கை வைக்காமல் போட்டதே இதைச் சொல்லத்தான்.

சரி, கவலுக்கு வருகிறேன். அவர் அடிக்கவில்லை, அமுக்கினார். எந்தக் கட்டையிலிருந்து எந்தக் கட்டை வரை, எவ்வளவு நேரம் என்று தாளில் எழுதி வைத்துவிட்டு அமுக்கினார். அயர்லாந்துக் கடல் தெய்வம் ஒன்றின் பெயரில் அவர் இளம் வயதில் எழுதிய பியானோப் பாட்டைக் கேட்டுப் பாருங்கள். வலது கை நாட்டுப்பாடல் போன்ற ஒரு மெட்டை வாசித்துக்கொண்டிருக்கும். இடது முன்கை கீழ் ஸ்தாயிக் கட்டைகளின் மேல் அப்படியே படுக்கும். தனித்தனிச் சுரம் எதுவும் காதில் விழாது, தூரத்துக் கடலின் இரைச்சல்தான் வரும். இந்த உத்தியை நானும் பயன்படுத்தலாமா என்று அனுமதி கேட்டு எழுதியவர் ஹங்கேரி இசையமைப்பாளர் பேலா பார்டோக். பார்டோக்குக்கு அது அடியாகத் தெரியவில்லை.

1925-ல் எழுதிய 'பான்ஷீ'யில் கட்டைகளையே தொடுவதில்லை. ஒருவர் பியானோ முன்னால் உட்கார்ந்து பெடலை மிதித்தபடியே இருப்பார். வாசிப்பவர் பியானோவின் வளைவில் நின்று, உள்ளே குனிந்து, கம்பிகளின் மேல் கை வைப்பார். விரல் நுனியின் சதையால் குறுக்கே தடவினால் ஒரு ஓசை, நகத்தால் என்றால் வேறு ஓசை. தாமிரம் சுற்றிய தடித்த கம்பியை நீளவாக்கில் தேய்த்தால் ஓர் ஓலம் கிளம்பும். சாவு வரப்போகிறது என்று அழும் அயர்லாந்துப் பெண் ஆவிதான் பான்ஷீ. ராத்திரியில் தனியாகக் கேட்டேன், விளக்கைப் போட்டுவிட்டுத்தான் மிச்சத்தைக் கேட்க முடிந்தது.

கவல் 1897-ல் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். பெற்றோர் பிரிந்துவிட்டார்கள், வீட்டில் வறுமை, பள்ளிக்கூடப் படிப்பு மிகக் கொஞ்சம். பதினேழு வயதில் பெர்க்லியில் சார்லஸ் சீகர் என்ற இசைப் பேராசிரியரிடம் போய்ச் சேர்ந்தார். நீ கண்டுபிடித்ததை ஒழுங்காக எழுதி வை என்று சீகர் தூண்ட, இசையின் புதிய வளங்களைப் பற்றி ஒரு நூலே எழுதினார். 1919 வாக்கில் முடித்தது, அச்சாக 1930 ஆயிற்று.

பத்திரிகைக்காரனாக எனக்கு அவர் மேல் உள்ள பிரியத்துக்கு வேறு காரணம். 1927-ல் அவர் ஒரு காலாண்டிதழ் தொடங்கினார். அதில் கட்டுரை கிடையாது, விமர்சனம் கிடையாது. வேறு எவரும் அச்சிட மறுக்கும் புதிய இசையின் சுரக்குறிப்புகளை முழுசாக அச்சிட்டுச் சந்தாதாரர்களுக்கு அனுப்பினார். முதல் இதழில் கார்ல் ரகிள்ஸ் என்ற அமெரிக்க இசையமைப்பாளரின் படைப்பு. அதைப் பார்த்துப் பலர் சந்தாவை நிறுத்தினார்கள். சந்தா ரத்துக் கடிதத்தைப் பிரிக்கும்போது வயிற்றில் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் நிறுத்தவில்லை. சார்லஸ் ஐவ்ஸ் என்ற, இசையும் எழுதிய இன்ஷூரன்ஸ்காரர் ஓசையில்லாமல் பணம் கொடுத்தார். அந்த ஐவ்ஸின் நான்காம் சிம்ஃபனியில் ஒரு பகுதி 1929-ல் இதே இதழில்தான் வெளிவந்தது. இன்று ஐவ்ஸை அமெரிக்க இசையின் பெரிய ஆள் என்கிறார்கள். சொந்தப் பாட்டை எழுதும் நேரத்தில் அடுத்தவர் பாட்டுக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்த மனுஷனுக்கு நான்கு பக்கம் அதிகமா?

1931-ல் உதவித்தொகை கிடைத்து பெர்லின் போனார். ஹார்ன்போஸ்டல் என்ற அறிஞரிடம் பல நாட்டு இசையைப் படிக்கத்தான் பயணம். அங்கே அவருக்குக் கர்நாடக இசையின் இலக்கணத்தைச் சொல்லிக் கொடுத்தவர் நம் பி. சாம்பமூர்த்தி. இவருடைய புத்தகத்தைப் புரட்டாமல் இங்கே இசைப் பரீட்சைக்குப் போனவர்கள் குறைவு. பிறகு 1950-களில் சென்னைக்கும் வந்தார் கவல். அவருடைய 13-வது சிம்ஃபனிக்குப் பெயரே 'மெட்ராஸ்'. ஜலதரங்கமும் தபலாவும் சேர்ந்த அந்த சிம்ஃபனி 1959-ல் முதன்முதலாக அரங்கேறியதும் சென்னையில்தான்.

அவருடைய சிறைவாசத்தைப் போன இதழில் ஒரே வரியில் முடித்தது எங்கள் குறை. 1936-ல் ஓரினச்சேர்க்கை வழக்கில் கைதானார். சான் குவென்டின் சிறையில் நான்கு வருஷம் இருந்தார். சிநேகிதர்கள் சிலர் விலகிக்கொண்டார்கள், ஐவ்ஸும் அதில் ஒருவர். உள்ளே என்ன செய்தார் தெரியுமா? கைதிகளுக்குப் பாட்டு வகுப்பு எடுத்தார். சிறை பாண்டு குழுவை நடத்தினார். சுமார் 60 உருப்படிகள் எழுதினார். 1940-ல் வெளியே வந்தார், 1942-ல் கலிஃபோர்னியா ஆளுநர் மன்னிப்பு வழங்கினார். அதற்கப்புறம் நியூயார்க்கின் நியூ ஸ்கூல் கல்லூரியில் மறுபடி பாடம், பீபாடி இசைக் கல்லூரியில் பாடம், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பாடம். விலகிப்போன ஐவ்ஸோடு சமாதானமாகி, தன் மனைவி சிட்னியோடு சேர்ந்து ஐவ்ஸின் வாழ்க்கை வரலாற்றையும் 1955-ல் வெளியிட்டார். இந்தக் கடைசிச் செய்தியை எழுதும்போது எனக்குத் தொண்டை அடைத்தது.

இனி கேஜ். அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவற்றில் ஒன்று, கம்பிகளுக்கு நடுவே திருகாணியும் மற்றதும் செருகிய பியானோ. 1940-ல் சியாட்டிலில் ஒரு நாட்டியத்துக்கு இசை கேட்டார்கள். தாளவாத்தியங்களை வைக்க மேடையில் இடமில்லை, ஒரே ஒரு பியானோதான். என்ன செய்வது என்று தவித்தபோது, கவல் பியானோவுக்குள் கையை விட்டுக் கம்பிகளை மீட்டியதும் தடவியதும் ஞாபகம் வந்தது என்று கேஜே எழுதியிருக்கிறார். கேஜைப் பற்றி இந்தப் பத்திரிகையில் கட்டாயம் எழுதுவோம். அதற்கு முன்னால் இந்த நான்கு பக்கம் வந்தாக வேண்டியிருந்தது.