விதைக்கு அவசர அனுமதி மருந்து: மிளகாய்க்காரர்கள் கேட்டதும் என் பதிலும்

ஐரோப்பாவில் காய்கறி விதையில் பூஞ்சாணக்கொல்லி கலக்க அவசர அனுமதி தருகிறார்களாமே, அது நமக்கும் வருமா என்று இந்த வாரம் ஆளாளுக்குக் கேட்டுவிட்டீர்கள். புரட்டாசி பிறந்து நாற்றங்கால் போடுகிற நேரம், கேட்க வேண்டியதுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கேயே எல்லாவற்றையும் சேர்த்து எழுதிவிடுகிறேன். சில பதில் நீளும், சிலது ஒரு வரியில் முடியும்.

கீழக்கரையிலிருந்து: அண்ணே, என் மச்சான் ஹாலந்தில் விதைக் கம்பெனி கிடங்கில் வேலை பார்க்கிறார். அங்கே விதையில் கலக்கிற திரம் என்ற பூஞ்சாணக்கொல்லியைத் தடை செய்துவிட்டு, அப்புறம் வேறு மருந்துக்கு அவசர அனுமதி கொடுக்கிறார்களாம். தடை என்றால் தடைதானே, நடுவில் இது என்ன?

தம்பி, இரண்டும் வேறு வேறு. திரத்துக்கு 2018-இல் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதியைப் புதுப்பிக்கவில்லை. திரம் கலந்த விதையை 2020 ஜனவரி கடைசியோடு விற்கவும் கூடாது, விதைக்கவும் கூடாது என்றாகிவிட்டது. தெளிக்கும்போது வேலையாளுக்கும், தெளித்ததைச் சாப்பிடுகிறவருக்கும் ஆபத்து என்றார்கள். விதைநேர்த்தியில் சொன்ன காரணம், அந்த விதையைப் பொறுக்கித் தின்னும் பறவைக்கும் விலங்குக்கும் கெடுதல் என்பது. அடுத்து 2021 ஜூனில் மெட்டலாக்சில்-எம் என்ற இன்னொரு பூஞ்சாணக்கொல்லி கலந்த விதையைப் பசுமைக்குடிலுக்குள் மட்டும்தான் விதைக்கலாம் என்று சுருக்கினார்கள். இப்படி ஒவ்வொன்றாகப் போனதும் கீரை, காய்கறி போடுகிற சின்ன விவசாயி கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. கோதுமைக்கும் சோளத்துக்கும் என்றால் கம்பெனிகள் புது மருந்தோடு வரிசையில் நிற்கும், பசலைக்கீரைக்கு யார் வருவார்கள்?

அதற்காக அவர்கள் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. வேறு எந்த வழியிலும் தடுக்க முடியாத ஆபத்து என்று காட்டினால், ஒரு நாடு தன் எல்லைக்குள் அதிகபட்சம் 120 நாளுக்கு ஒரு மருந்தை அனுமதிக்கலாம். எந்தப் பயிர், எந்த நோய், எவ்வளவு அளவு என்பதெல்லாம் அதிலேயே கட்டிப்போட்டிருக்கும். நம்ம விசைப்படகுக்கு மீன்துறை கொடுக்கிற டோக்கன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் படகுக்கு, அந்த நாளுக்கு, அவ்வளவுதான். மருந்து நல்லது என்று யாரோ சான்றிதழ் கொடுத்ததாக அதைப் படிக்கக் கூடாது.

இன்னொன்று, இதை இஷ்டத்துக்கு நீட்டவும் முடியாது. பீட்ரூட் வகைச் சர்க்கரைப் பயிருக்கு நியோனிகோட்டினாய்டு வகைப் பூச்சிக்கொல்லி கலந்த விதையை விதைக்க பெல்ஜியம் இப்படி அனுமதி கொடுத்தது வழக்காகி, மருந்து கலந்த விதையையே சட்டம் வெளிப்படையாகத் தடை செய்திருந்தால் அவசரம் என்ற பெயரில் அதைத் திறக்க முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

தொண்டியிலிருந்து: அமெரிக்காவிலும் உண்டா சார்?

உண்டு. விவசாயி நேரடியாகக் கேட்க முடியாது, மாநிலத்தின் வேளாண் துறை மத்தியச் சுற்றுச்சூழல் முகமையிடம் கேட்கும், கிடைத்தால் பொதுவாக ஓராண்டு வரை. தலைபோகிற நெருக்கடி என்றால் மாநிலமே 15 நாளுக்குத் தொடங்கிக்கொள்ளலாம்.

சாயல்குடியிலிருந்து: அதெல்லாம் சரி, நம்ம நாட்டில் அப்படி ஒரு வழி இருக்கிறதா? மிளகாய் நாற்று சாய்ந்து போவது எங்களுக்கு அவசரம் இல்லையா?

நம்மிடம் இருப்பது 1968-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டம். பூஞ்சாணக்கொல்லி, களைக்கொல்லி எல்லாமே அதற்குள்தான். ஃபரிதாபாத்தில் இருக்கும் மத்தியப் பதிவுக் குழு பதிவு செய்யாமல் எதையும் விற்க முடியாது. முதன்முறையாக நாட்டுக்குள் வரும் மருந்துக்கு 2 ஆண்டு தற்காலிகப் பதிவு என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மற்றபடி அவசரம் வந்தால் அப்போதைக்கு என்று பரிந்துரை கொடுப்பார்கள். 2018-இல் கர்நாடகத்தில் படைப்புழு முதலில் தெரிந்து மக்காச்சோளத்தை மொட்டையடித்தபோது, சயன்ட்ரனிலிப்ரோல், தயாமீத்தாக்சாம் இரண்டும் சேர்ந்த விதைநேர்த்தி மருந்தை அப்படித்தான் உள்ளே விட்டார்கள். அது பூச்சிக்கான மருந்து, ஆனாலும் வழி அதே வழிதான்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். படைப்புழு புதிது, மருந்து இல்லை, அதனால் அவசரம். நாற்றைச் சாய்க்கிற நாற்றழுகல் நம்ம தாத்தா காலத்து நோய், தடுக்க வழியும் இருக்கிறது. எந்த நாட்டு அதிகாரியும் இதற்கு அவசரம் என்று கையெழுத்துப் போட மாட்டார், போடாததும் நியாயம்தான். என் மனக்குறை வேறு. ஒரு மருந்துக்கு லேபிளில் ஒரு பயிரின் பெயர் ஏற வேண்டுமானால் அந்தப் பயிரில் நோயைக் கட்டுப்படுத்துகிறதா, மருந்தின் எச்சம் எவ்வளவு தங்குகிறது என்று சோதனை நடத்தித் தரவு கொடுக்க வேண்டும். அதற்குக் கம்பெனி பணம் போடும், விற்பனை இருந்தால் மட்டும். அமெரிக்காவில் இப்படிச் சின்னப் பயிர்களுக்குத் தரவு சேர்க்க 1963-லிருந்து ஐஆர்-4 என்று பொதுப்பணத்தில் ஒரு திட்டம் ஓடுகிறது. பிரிட்டனில் விவசாயிகள் சங்கமே மனுப் போடலாம். கொத்தவரைக்கும் சுரைக்கும் முண்டு மிளகாய்க்கும் நாம் கேட்க வேண்டியது அந்த மாதிரி ஏற்பாடு. 120 நாள் அனுமதியை வாங்கி என்ன செய்யப்போகிறோம், அடுத்த புரட்டாசியில் மறுபடி மனுவோடு நிற்பதா?

உச்சிப்புளியிலிருந்து: நாற்று வளர்த்து விற்கிறேன். விதையில் பாவிஸ்டின் கலந்துதான் போடுகிறேன், இரண்டு மழை பெய்ததும் திட்டுத் திட்டாகச் சாய்கிறது. டோஸைக் கூட்டலாமா?

கூட்டாதீர்கள். பாவிஸ்டின் என்று நாம் கூப்பிடும் கார்பென்டாசிம் இந்த நோய்க்குப் பெரும்பாலும் உதவாது. நாற்றை இப்படிச் சாய்ப்பது பெரும்பாலும் பித்தியம். அது பார்க்கப் பூஞ்சாணம் மாதிரி இருக்கும், உண்மையில் பாசி இனத்துக்குப் பக்கத்து உறவு, ஈரத்தில் நீந்திப் போகிற வித்து விடும். கார்பென்டாசிம் அதைத் தொடாது. இரண்டு மடங்கு போட்டாலும் தொடாது. திரம், கேப்டான் போன்ற தொடு மருந்துகளும் மெட்டலாக்சிலும்தான் பித்தியத்தைக் கட்டுப்படுத்தும், அதிலும் டப்பா லேபிளில் உங்கள் பயிர் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். கடையில் வாயால் சொல்வது லேபிள் ஆகாது.

அதற்கு முன்னால் ஒரு சோதனை. சாய்ந்த நாற்றைப் பிடுங்கி மண்ணை ஒட்டிய இடத்தை விரலால் அழுத்துங்கள். தண்ணீர் கோத்து, வெந்த மாதிரி குழைந்து, நூலாக இறுகியிருந்தால் அது நாற்றழுகல். தண்டு கட்டியாக இருந்து இலை நுனியும் ஓரமும் தீய்ந்திருந்தால் அது உப்பு. நம்ம கரையில் ஊற்றுத் தண்ணீர் கோடை முடியும்போது கரித்துவிடும், அதை ஊற்றி நாற்று காய்ந்ததும் நோய் என்று மருந்துக் கடைக்கு ஓடியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ராமநாதபுரத்தில் கடலோர உவர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, தண்ணீரையும் மண்ணையும் எடுத்துக்கொண்டு போய் முதலில் அங்கே காட்டிக் கேளுங்கள்.

நோய்தான் என்றால் பாத்தியைப் பாருங்கள். சமதளத்தில் நெருக்கி விதைத்தால் எந்த மருந்தும் நிற்காது. ஒரு மீட்டர் அகலம், அரை அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி, வரிசை விட்டு, நெருக்காமல் விதையுங்கள். விதைக்கு, கிலோவுக்கு டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சாணத் தூள் 4 கிராம், இல்லாவிட்டால் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாத் தூள் 10 கிராம். அரைக் கிலோ விதை என்றால் 2 கிராம், 5 கிராம், தேநீர்க் காசுக்குள் அடங்கிவிடும். மட்கிய எருவிலும் டிரைக்கோடெர்மாவைக் கலந்து பாத்தியில் போடுங்கள். தண்ணீரைக் காலையில் ஊற்றுங்கள், சாயங்காலம் ஊற்றினால் ராத்திரி முழுக்க ஈரம். அப்படியும் ஒரு திட்டு சாய்ந்தால், காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்து அந்தத் திட்டிலும் சுற்றிலும் மண் நனைய ஊற்றுங்கள்.

தேவிபட்டினத்திலிருந்து: டிரைக்கோடெர்மாவையும் பாவிஸ்டினையும் சேர்த்தே கலந்தால் இரட்டைப் பாதுகாப்புதானே?

இல்லை. டிரைக்கோடெர்மாவே ஒரு பூஞ்சாணம். பாவிஸ்டின் முதலில் அதைத்தான் கொல்லும்.

கடலாடிப் பக்கத்திலிருந்து: எங்களுக்கு நாற்றங்காலே கிடையாது, முண்டு மிளகாயை மானாவாரியில் நேராக விதைக்கிறோம், சொந்த விதை. இதில் எது எங்களுக்கு?

மாமா, உங்களுக்கு நாற்றழுகலைவிடப் பழ அழுகல்தான் எதிரி. பழத்தில் வட்டவட்டமாகக் கறுத்த புள்ளி விழுகிறதே, அது விதைக்குள்ளேயே ஒளிந்து அடுத்த வருஷத்துக்கு வரும். விதைக்கு என்று முதலிலேயே நல்ல செடியில் புள்ளி இல்லாத பழமாகத் தனியே எடுத்து வையுங்கள், களத்தில் மிஞ்சியதை விதையாக்க வேண்டாம். வெந்நீர் நேர்த்தியும் ஒரு வழி: மிளகாய் விதையை 52 டிகிரித் தண்ணீரில் 30 நிமிஷம் வைத்து, உடனே பச்சைத் தண்ணீரில் போட்டு ஆறவிட்டு நிழலில் உலர்த்துவது. ஆனால் வெப்பமானி இல்லாமல் கை வைத்துப் பார்த்துச் செய்யாதீர்கள், நாலைந்து டிகிரி ஏறினாலே முளைப்புப் போய்விடும். முதலில் ஒரு கைப்பிடி விதையில் செய்து முளைக்கிறதா பார்த்துவிட்டு மீதியைப் போடுங்கள். முண்டுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வெளியூர் வியாபாரி எச்சம் பற்றிக் கேட்கத் தொடங்கியிருக்கிறார். விதையில் கலந்தது பழம்வரை வந்து சேருவது சொற்பம், காய்க்கும் நேரத்தில் அடிப்பதுதான் மாட்டிவிடும்.

மண்டபத்திலிருந்து: அண்ணே, மருந்து கலக்குகிற வேலை பெண்களிடம்தான் வருகிறது. வெறும் கையால் பிசையலாமா?

கூடவே கூடாதும்மா. மூடியுள்ள டப்பாவில் விதையையும் மருந்தையும் போட்டுக் குலுக்கினால் போதும், கையுறையும் மூக்குக்குத் துணியும் போட்டுக்கொள்ளுங்கள், சோற்றுப் பானைப் பக்கம் அந்த டப்பா போகக் கூடாது. வீட்டு ஆண்களிடம் ஒன்று சொல்லுங்கள்: திரம், குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிராம் மாத்திரைக்கு நெருங்கிய உறவு. அதைக் கையாண்டுவிட்டுச் சாயங்காலம் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். கலந்தவர் அப்புறம் பல நாள் மதுக்கடைப் பக்கம் போகாமல் இருந்தால் வீட்டுக்கும் நல்லது.

திருப்புல்லாணியிலிருந்து: மயில் விதையைப் பொறுக்குகிறது. மருந்து விதை என்றால் தின்னாமல் போய்விடுமா?

சிலது ருசி பார்த்துவிட்டு விடும், சிலது தின்று சாகும். மயில் செத்தால் வன உயிரினச் சட்டத்தில் வழக்கு வரும், அது முதல் அட்டவணையில் இருக்கிற பறவை. ஐரோப்பாக்காரன் திரத்தை நிறுத்தியதற்குச் சொன்ன காரணமும் இதுதான் என்று மேலே எழுதினேன். நமக்குப் பக்கத்திலேயே சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல், சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் என்று பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் (ராம்சார்) சேர்ந்த நாலு கண்மாய்கள், மழைக்காலத்தில்தான் பறவை இறங்குகிறது, நாமும் அப்போதுதான் விதைக்கிறோம். விதையை மேலாகத் தூவிவிட்டு வராதீர்கள், மண்ணைத் தள்ளி மூடுங்கள், வரப்பில் சிந்தியதைக் கூட்டிப் புதையுங்கள்.

பெருங்குளத்திலிருந்து: கடையில் சிவப்புச் சாயம் ஏறிய கத்தரி விதை, பொட்டலத்தில் மருந்து பெயர் இல்லை. வாங்கலாமா? மிஞ்சினால் கோழிக்குப் போடலாமா?

கோழிக்குப் போடாதீர்கள், கழுவினாலும் போகாது. 1968 விதை விதிகளின்படி மருந்து கலந்த விதை என்றால் அப்படிக் கலந்திருக்கிறது என்பதும், மருந்தின் பெயரும், உணவுக்கோ தீவனத்துக்கோ எண்ணெய்க்கோ பயன்படுத்தக் கூடாது என்பதும் பொட்டலத்தில் அச்சிட்டிருக்க வேண்டும். அது இல்லாத பொட்டலத்தை வாங்காதீர்கள். வாங்கிவிட்டீர்கள் என்றால் பில்லையும் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு வட்டார விதை ஆய்வாளரிடம் போங்கள், பில் இல்லாமல் போனால் அவர் கேட்கும் முதல் கேள்வியே அதுதான்.