வீட்டு மின்சாதனங்கள் உங்கள் வேலையைக் குறைத்தனவா, தலைவலியைக் கூட்டினவா?

குறைத்தன என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டியவர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்த யாரும் வேறு பதில் சொல்ல மாட்டார்கள். ஒரு கையால் குழவியைச் சுற்ற வேண்டும். மறு கையால், ஓரத்தில் ஒதுங்குகிற மாவைக் குழிக்குள் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். உளுந்து பொங்கி வரும்வரை கையை எடுக்க முடியாது. அது முடிந்தால் அரிசி காத்திருக்கும். கூட்டுக் குடும்பத்துக்கு ஆட்டிய என் அம்மாவுக்கு வலது கை இன்றும் தலைக்கு மேல் முழுதாக உயர்வதில்லை.

2011-ல் தமிழக அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் விலையில்லாமல் கொடுக்கத் தொடங்கியபோது, இலவசம் மக்களைச் சோம்பேறியாக்கும் என்று பேசியவர்கள் உண்டு. அரைக்கிற வேலை அதுவரை யாருடைய தோளில் இருந்தது என்பதை அவர்கள் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும்.

கிரைண்டர், மிக்ஸி இரண்டிலும் எனக்குப் பிடித்த இன்னொரு குணம், கோளாறு வந்தால் அவை மறைப்பதில்லை. பெல்ட் தளர்ந்துவிட்டால், மாவு கெட்டியானதும் டிரம் நின்று நின்று சுற்றும். மிக்ஸி சுமை தாங்காமல் நின்றுவிட்டால், ஆறவிட்டு, கவிழ்த்து, அடியில் இருக்கும் சின்னச் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் போதும். மோட்டார் சுற்றுகிறது, பிளேடு சுற்றவில்லை என்றால் மோட்டாரை ஜாரோடு இணைக்கும் கப்ளர் தேய்ந்துவிட்டது. உள்ளே நெருப்புப்பொறி அதிகமாகத் தெரிந்தால் பெரும்பாலும் மோட்டாருக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ்ஷைப் பார்க்க வேண்டும். இவை எல்லாமே தெருமுனைக் கடையில் கிடைக்கின்றன. மாற்றிக் கொடுக்கவும் அங்கேயே ஆள் இருக்கிறார்.

தலைவலி எங்கள் வீட்டுக்குள் வந்தது புதிய வாஷிங் மெஷினோடு. பழையதில் திருகு குமிழ் இருந்தது. அதைத் திருப்பும்போது வரும் 'டக் டக்' ஓசையை எண்ணியே அம்மா கண்ணாடி போடாமல் துவைத்துவிடுவார். புதியதன் மேல்பக்கம் முழுவதும் வழவழப்பான தொடுதிரை. ஈர விரலால் தொட்டால் கேட்பதில்லை. எழுத்தெல்லாம் ஆங்கிலம், அதுவும் எறும்பு அளவில். எங்கே அழுத்த வேண்டும் என்பதற்கு அடையாளமாக அம்மா அங்கே ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி வைத்திருக்கிறார். ஐம்பது வருடம் துணி துவைத்த ஒருவரை, துணி துவைக்கிற இயந்திரத்தின் முன்னால் தயங்கி நிற்க வைப்பது என்ன வடிவமைப்பு? எனக்கு இதில் உண்மையான கோபம் இருக்கிறது.

ஒருநாள் துணி சோப்பு நீரில் ஊறிக்கொண்டிருக்கும்போதே அது நின்றுவிட்டது. திரையில் ஒரு எழுத்தும் ஒரு எண்ணும் மட்டும் மின்னின. சர்வீஸ் ஆள் வந்தார், வந்ததற்கே ஒரு தொகை வாங்கினார், உள்ளே இருக்கும் மின்னணு போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று சொன்னார். அந்தப் போர்டின் விலையைக் கேட்டபோது, இன்னும் கொஞ்சம் பணம் போட்டால் ஒரு சிறிய மெஷினையே வாங்கிவிடலாம் போலிருந்தது. எங்கள் பகுதி பிளம்பர் அண்ணன் வேறு வேலையாக வந்தவர், தண்ணீர்க் குழாயைப் பின்பக்கம் கழற்றி, உள்ளே இருந்த விரல்நுனி அளவு வலையைக் குறட்டால் இழுத்து வெளியே எடுத்தார். ஆழ்துளைக் கிணற்று நீரின் சுண்ணாம்பும் மணலும் அதில் ஏடு கட்டியிருந்தன. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி மாட்டினார். மெஷின் ஓடியது. போர்டுக்கு ஒன்றுமே இல்லை. 'தண்ணீர் வரவில்லை, வலையைச் சுத்தம் செய்யுங்கள்' என்று தமிழில் ஒரு வரி எழுதிக் காட்ட முடியாத திரை எதற்கு?

அதற்காகப் புதிதாக வருவதெல்லாம் மோசம் என்று சொல்ல மாட்டேன். பி.எல்.டி.சி (பிரஷ் இல்லாத டி.சி மோட்டாரில் ஓடும்) மின்விசிறியை எல்லோருக்கும் பரிந்துரைப்பேன். சாதாரண மின்விசிறி 75 வாட் இழுக்கிற இடத்தில் இது 30 வாட் அளவில் ஓடுகிறது. நாளைக்கு 12 மணி நேரம் என்று வைத்தால், இரண்டு மாதத்தில் ஒரு மின்விசிறிக்கு 30 யூனிட்டுக்கு மேல் மிச்சம். தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுகளோடு நிற்காமல் கீழே உள்ள ஒரு பகுதிக்கும் கட்டணம் ஏறிவிடும். அந்த எல்லைக்கு அருகில் இருக்கும் வீடுகளுக்கு இந்த மிச்சம் பெரிய விஷயம். இன்வெர்ட்டரிலும் கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்கும். ஆனால் பழைய மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் 2.5 மைக்ரோஃபாரட் கண்டன்சர் ஒன்றை வாங்கிப் போட்டால் தீர்ந்தது. இதில் போர்டு போனால் அந்த நிறுவனத்தையே தேடிப் போக வேண்டும். அதனால் உத்தரவாதக் காலத்தைப் பார்த்து வாங்குங்கள். ரிமோட் தொலைந்தாலும் சுவிட்சைப் போட்டு அணைத்து வேகம் மாற்ற முடிகிற மாடலாக இருப்பது நல்லது.

இண்டக்ஷன் அடுப்பு வாங்குகிறவர்கள் ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு முதலில் சமையலறைக்குள் போக வேண்டும். அடியில் காந்தம் ஒட்டாத பாத்திரம் அதில் சூடாகாது. அலுமினிய இட்லிப் பானை, செம்புப் பாத்திரம், மண்சட்டி எல்லாம் அலமாரிக்குப் போய்விடும். இதைக் கடைக்காரர் தானாகச் சொல்வது அபூர்வம்.

இப்போது எங்கள் வீட்டுக்கு எது வாங்குவதானாலும் அம்மாவைக் கூட்டிக்கொண்டுதான் கடைக்குப் போகிறேன். அவரே கையால் இயக்கிப் பார்க்கிறார். உதிரி பாகம் வெளிக்கடையில் கிடைக்குமா என்று நான் கேட்கிறேன். விற்பனையாளர் மழுப்பினால் அடுத்த கடை.

ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டவர்களுக்கு: பழுதுபார்க்கும் உரிமைக்கென்று மத்திய அரசு 2022 டிசம்பரில் ஓர் இணையதளம் தொடங்கியிருக்கிறது. பல நிறுவனங்களின் பழுதுபார்ப்பு விவரங்களும் உத்தரவாத விவரங்களும் அதில் இருக்கின்றன. போர்டு போய்விட்டது என்று யாராவது சொன்னால், மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள், மாற்றினால் பழைய போர்டைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம்.