பட்டறைப் பக்கம்: வீட்டில் செய்யும் கியர் லீவர்

போன இதழில் ரேசிங் சிமுலேட்டர், அதாவது ஸ்டியரிங், பெடல் வைத்துக் கம்ப்யூட்டரில் ஆடும் கார் ரேஸ் ஆட்டம் பற்றி நாலு வரி எழுதியதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. முக்கியமான நான்கை எடுத்திருக்கிறேன்.

கேள்வி: மாமா, ஸ்டியரிங்கும் பெடலும் வாங்கியதோடு காசு தீர்ந்துவிட்டது. அதனால் கியர் ஷிஃப்டரை நானே செய்தேன். ஆறு கியர், ஒரு ரிவர்ஸ், ஏழு மைக்ரோ சுவிட்ச். முதல் வாரம் நன்றாக வேலை செய்தது. இப்போது மூன்றாம் கியரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே நியூட்ரலுக்கு விழுகிறது. இரண்டு சுவிட்ச் உடைந்தும் போயிற்று. புரோகிராமில் தப்பா? படம் அனுப்பியிருக்கிறேன்.
— வாசகர், சாட்ஸ்வர்த்

பதில்: தம்பி, புரோகிராமைத் தொடாதே. படத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. உன் லீவர் நேராகப் போய்ச் சுவிட்சின் மேல் முட்டி நிற்கிறது. கையின் வேகம் முழுவதையும் அந்தச் சின்ன பிளாஸ்டிக் பெட்டி தாங்கவேண்டும் என்றால் எத்தனை நாள் தாங்கும்? என் பேரனுக்கு நான் செய்த முதல் லீவரும் இப்படித்தான் இருந்தது, ஒன்பதாம் நாள் ரிவர்ஸ் சுவிட்ச் பிளந்தது. முப்பது வருஷம் டர்பனில் ஜேக்கப்ஸ் பக்கம் ஒரு பட்டறையில் ஃபிட்டராக இருந்தவன் அதை முன்கூட்டியே பார்த்திருக்கவேண்டும்.

ஆட்டத்துக்கு ஒரு கியர் என்பது அழுத்திப் பிடித்திருக்கும் ஒரு பட்டன். எந்தப் பட்டனும் அழுந்தவில்லை என்றால் நியூட்ரல். அதனால் லீவர் ஒரு மில்லிமீட்டர் பின்வாங்கினால் போதும், கியர் விழுந்துவிடும். ஆகவே உனக்கு வேண்டியவை இரண்டு: லீவரைத் தடுத்து நிறுத்த, கியர்ப் பாதைகள் வெட்டிய ஒரு கேட் பிளேட், போன இடத்திலேயே பிடித்து வைக்க ஒரு பிடி. இந்த இரண்டும் சரியாக இருந்தால் மீதி எல்லாம் வெறும் ஒயர்.

கேட் பிளேட்டுக்கு அலுமினியம் தேடி அலையாதே. சமையலறையில் காய்கறி வெட்டும் வெள்ளை பிளாஸ்டிக் பலகை இருக்கிறதே, அதுவே போதும். பத்து மில்லிமீட்டர் கனம் இருந்தால் நல்லது. அறுக்கச் சுலபம், வழுவழுப்பாக இருக்கும், இரும்பு போல இரவில் சத்தம் போடாது. பேரனின் ஆயா தன் பழைய பலகையைக் கொடுத்தாள், இன்றுவரை தேயவில்லை. லீவர் 12 மில்லிமீட்டர் கம்பி என்றால் முதலில் ஏழு முனையிலும் 13 மில்லிமீட்டர் துளை போடு. அப்புறம் துளைகளை ரம்பத்தால் இணைத்து, அரத்தால் ராவு. கரண்ட் இல்லாத இரண்டு மணி நேரத்தில் நான் செய்த வேலை இது. நடுக்கோட்டிலிருந்து பாதை பிரியும் மூலைகளை மட்டும் கொஞ்சம் உருட்டிவிடு. இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குக் கை தானாகச் சரிந்து போவதும், முட்டித் திணறுவதும் அந்த மூலைகளைப் பொறுத்ததுதான்.

பிடிக்கு ஹார்டுவேர் கடையில் அலமாரிக் கதவுக்குப் போடும் பித்தளைக் குண்டுக் கொக்கி கேள். குழாய்க்குள் ஸ்பிரிங், அதன் மேல் ஒரு குண்டு. லீவரின் அச்சுக்குக் கீழே நீளும் பகுதியில் இதைப் பொருத்தி, எதிரே ஒரு மரத்துண்டில் மூன்று பள்ளம் வெட்டு: முன், நடு, பின். லீவர் பக்கவாட்டில் நகர்ந்தாலும் குண்டு விலகாதபடி, பள்ளங்கள் குறுக்கே நீளமாக இருக்கட்டும். கியர் பொருந்தும்போது வரும் அந்த ‘டக்’ கையில் தெரியவேண்டும், காதில் கேட்டால் மட்டும் போதாது. பக்கவாட்டுக்கு இரண்டு பக்கமும் சம பலமுள்ள ஒவ்வொரு ஸ்பிரிங். கையை எடுத்தால் லீவர் மூன்று–நான்கு பாதைக்கு நேரே வந்து நிற்கவேண்டும்.

சுவிட்சைக் கடைசியில் வை. உருளை வைத்த நீண்ட நாக்கு உள்ள வகையாக வாங்கி, லீவர் பிளேட்டின் சுவரில் முட்டுவதற்கு இரண்டு மில்லிமீட்டர் முன்பே ‘கிளிக்’ ஆகும்படி பொருத்து. திருகுத் துளையை நீளவாக்கில் வெட்டினால் முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்கலாம். முட்டுவதைப் பலகை வாங்கிக்கொள்ளும், சுவிட்ச் வெறுமனே தொடப்படும்.

கேள்வி: ஐயா, சுவிட்சையெல்லாம் ஆர்டுயினோ யூனோ என்ற சின்ன எலெக்ட்ரானிக் போர்டில் இணைத்துவிட்டேன். கம்ப்யூட்டர் அதை ஜாய்ஸ்டிக் என்று காட்டவே மாட்டேன் என்கிறது.
— வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: யூனோவில் ஆர்3 வரையிலான வகைகளின் முக்கியச் சிப் யூஎஸ்பியோடு நேராகப் பேசாது, நடுவில் இன்னொரு சிப் இருக்கிறது. லியோனார்டோ அல்லது புரோ மைக்ரோ போர்டு வாங்குங்கள். அவற்றில் உள்ள ஏடிமெகா 32யூ4 சிப் தன்னையே ஜாய்ஸ்டிக்காகக் காட்டிக்கொள்ளும். ஒவ்வொரு சுவிட்சின் பொதுக் காலையும் கிரவுண்டோடு சேர்த்து, சாதாரணமாகத் திறந்திருக்கும் காலை போர்டின் ஒவ்வொரு பின்னுக்கு (pin) கொடுங்கள். உள் புல்-அப்பை, அதாவது சிப்புக்குள்ளேயே இருக்கும் ரெசிஸ்டரை, ஆன் செய்தால் தனி ரெசிஸ்டர் வேண்டாம். சுவிட்சை அழுத்தினால் அந்தப் பின் பூஜ்யம் காட்டும், அதை மறந்து புரோகிராமைத் தலைகீழாக எழுதிவிடாதீர்கள். சுவிட்ச் தகடு துள்ளும் என்பதால் ஐந்து முதல் பத்து மில்லி செகண்ட் பொறுத்து வாசிக்கவும். ஒயர்களை ஸ்டியரிங் மோட்டாரின் பவர் ஒயரோடு சேர்த்துக் கட்டவேண்டாம்.

கேள்வி: இணையத்தில் பார்க்கும் எல்லாரும் வலது பக்கம் லீவர் வைக்கிறார்கள். நான் எந்தப் பக்கம் வைப்பது? அடுத்த மாதம் லேர்னர்ஸ் லைசென்ஸ் பரீட்சை எழுதப் போகிறேன். ஹெச் எழுத்துப் போலப் பாதை பிரியும் ஹெச் வகை நல்லதா, முன்னும் பின்னும் மட்டும் தள்ளும் சீக்வென்ஷியல் நல்லதா?
— வாசகி, லெனேசியா

பதில்: இடது பக்கம் வை, அம்மா. நம் தென்னாப்பிரிக்காவில் ஸ்டியரிங் வலது பக்கம், கியர் இடது கைக்கு. வலது கையில் பழகிவிட்டு கே53 டிரைவிங் டெஸ்ட்டுக்குப் போனால் கை தேடும். ஒன்று கவனி: இடது பக்கம் போனாலும் கியர் வரிசை கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்புவதில்லை. முதல் கியர் அப்போதும் இடது மேல் மூலைதான். அதாவது நமக்கு அது உடம்பிலிருந்து விலகிய பக்கம், ஐந்தாவது உடம்போடு ஒட்டிய பக்கம். முதல் கியரைத் தள்ளிவிட வேண்டும், ஐந்தாவதை இழுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஏற்றபடி நாற்காலிக்குக் கொஞ்சம் அருகில் வை.

எந்த வகை என்பது எந்தக் கார் ஓட்ட ஆசை என்பதைப் பொறுத்தது. 1985-இல் நம் கியாலமி ரேஸ் பாதையில் நைஜல் மான்செல் ஜெயித்தபோது ஃபார்முலா ஒன் காரில் இருந்தது ஹெச் லீவர்தான். ஸ்டியரிங்கின் பின்னே, விரலால் கியர் மாற்றும் துடுப்பு வைத்து ஃபெராரி ஓட்டியது 1989-இல்தான். பழைய கார், நம் ஃபோக்ஸ்வாகன் சிட்டி கோல்ஃப், எல்லாவற்றுக்கும் ஹெச். ராலி, டூரிங் கார் என்றால் சீக்வென்ஷியல். அதற்கு இரண்டே சுவிட்ச் போதும். இழுத்தால் கியர் ஏறவும் தள்ளினால் இறங்கவும் வை. வேகம் எடுக்கும்போது உடம்பு பின்னால் சாயும், பிரேக்கில் முன்னால் போகும், கையும் அதோடு போகும். நீ லைசென்ஸ் எடுக்கப் போவதால் முதலில் ஹெச் செய்.

கேள்வி: என் மகன் சுவிட்சுக்காகக் கெட்டுப்போன மைக்ரோவேவ் அடுப்பைக் கழற்றவேண்டும் என்கிறான். பிளக்கைப் பிடுங்கிவிட்டால் ஒன்றும் ஆகாது என்கிறான். விடலாமா?
— ஒரு தாய், ஃபீனிக்ஸ்

பதில்: விடாதீர்கள் அக்கா. கதவின் உள்ளே நல்ல மைக்ரோ சுவிட்ச் இரண்டு மூன்று இருக்கும், பையன் சொல்வது உண்மைதான். ஆனால் அதே பெட்டிக்குள் உயர் வோல்ட்டேஜ் கெப்பாசிட்டர் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும், தொட்டால் உயிர் போகலாம். ஏழு சுவிட்சையும் எலெக்ட்ரானிக்ஸ் கடையில் வாங்கிக் கொடுங்கள். அந்த அடுப்பை இன்றே வீட்டை விட்டு அனுப்பிவிடுங்கள், அவன் பள்ளியிலிருந்து வருவதற்கு முன்.