அந்த 8 எங்கே போனது?

கேள்வி: சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் சில மாதங்கள்தான் இருக்கின்றன. என் மகளோ பாஸ்ட் பேப்பரை மூடிவைத்துவிட்டு, 12345679 என்ற எண்ணில் ஏன் 8 இல்லை என்று கொப்பி முழுக்கக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். பாடத்திட்டத்தில் இல்லாத இந்த விளையாட்டால் என்ன பயன்?
– ஒரு தந்தை, வெள்ளவத்தை

பதில்: கொப்பியைப் பறித்திருந்தால் முதலில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அப்புறம் நீங்களும் ஒரு பேனையோடு அவள் பக்கத்தில் உட்காருங்கள்.

அந்த எண்ணை 9 ஆல் பெருக்கினால் 111111111 வரும். 63 ஆல் பெருக்கினால் ஒன்பது 7 வரும். இவ்வளவும் பலருக்குத் தெரியும், பார்த்து வியந்துவிட்டுப் போய்விடுவார்கள். உங்கள் மகள் போகவில்லை. ஏன் என்று கேட்டாள்.

1 ஐ 81 ஆல் வகுத்துப் பாருங்கள். 0.012345679012345679 என்று முடிவில்லாமல் ஓடும். 81 என்பது 9 தர 9. ஒன்பதில் ஒன்று என்பது 0.1111... அதை அதனாலேயே பெருக்கும்போது தசமத்தின் இரண்டாம் இடத்தில் 1, மூன்றாம் இடத்தில் 2, அடுத்ததில் 3 என்று சேர்ந்துகொண்டே போகும். 9 வரை சிக்கல் இல்லை. அதற்கடுத்த இடத்தில் 10 வந்து நிற்கிறது. ஓர் இடத்தில் 10 ஐ எழுத முடியாதே! 1 ஐ இடப்பக்கம் தள்ளவேண்டும். அங்கிருந்த 9 பத்தாகி, அதுவும் தன் பங்குக்கு 1 ஐத் தள்ளுகிறது. 8 அதை வாங்கி 9 ஆகிவிடுகிறது. ஆக, 8 தொலையவில்லை. நாம் 9 என்று பார்ப்பதே அந்த 8 தான்.

12345679 இன் காரணிகளும் கையாலேயே வரும். 111111111 என்பது 111 தர 1001001. முதலாவது 3 தர 37, இரண்டாவது 3 தர 333667. இரண்டு 3 களையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது 37 தர 333667. இந்த 333667 முதன்மை எண்தானா என்று பார்க்க, 577 வரையுள்ள 106 முதன்மை எண்களாலும் வகுத்துப் பார்க்கவேண்டும். ஒன்றாலும் மீதியின்றி வகுபடாது.

பயன் கேட்டீர்கள். பெரிய எண்ணைக் காரணிகளாக உடைப்பது கடினம் என்பதை நம்பித்தான் 1977 இல் ஆர்எஸ்ஏ என்ற இரகசியப் பூட்டு முறை பிறந்தது. அந்தப் பெயரில் சவாலாக விடப்பட்ட 250 இலக்க எண் ஒன்று 2020 இல்தான் உடைந்தது. ஆனால் இதைக் காட்டி உங்கள் மகளுக்காக வாதாட எனக்கு விருப்பமில்லை. ஒரு விடைக்குப் பின்னால் இருக்கும் காரணத்தைத் தேடி ஒரு பிள்ளை தானாக உட்கார்ந்திருக்கிறாள். எந்த ரியூசனிலும் காசு கொடுத்து வாங்க முடியாதது அது. பாஸ்ட் பேப்பரும் செய்யட்டும், சரி. இதற்கும் மாலையில் அரைமணி நேரம் விடுங்கள்.

இன்று 12345679 ஐ 8 ஆல் பெருக்கச் சொல்லுங்கள். 98765432 வரும். காரணத்தை நான் எழுதவில்லை, அவளே கண்டுபிடிக்கட்டும்.