வாசகர் கேள்வி-பதில்: டேபிள் ரோஸ் பூக்கவில்லையே!

கேள்வி: தோட்டத்தில் வைத்த டேபிள் ரோஸ் தண்டும் இலையுமாக நீள்கிறது, பூ இல்லை. சில தண்டுகள் அடியில் பழுப்பாகி அழுகுகின்றன. என்ன செய்யலாம்?

பதில்: இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். கணுக்களுக்கு இடையே தண்டு நீண்டு மெலிந்திருந்தால் வெயில் போதவில்லை. தினமும் 6 மணி நேரமாவது நேரடி வெயில் விழ வேண்டும். வெயில் விழுந்தும் பூக்காவிட்டால் உரத்தைச் சந்தேகியுங்கள். தழைச்சத்து கூடினால் இலைதான் கொழுக்கும். யூரியா பக்கமே போகாதீர்கள்.

அழுகலுக்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீர். இந்தச் செடி இலையிலும் தண்டிலுமே நீரைச் சேமித்துக்கொள்ளும். விரலை மண்ணுக்குள் 3 செ.மீ. விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். களிமண்ணானால் மணல் 2 பங்கு, தோட்ட மண் 2 பங்கு, மக்கிய தொழுவுரம் 1 பங்கு கலந்து பாத்தியைச் சற்று மேடாக்குங்கள்.

அழுகிய தூரோடு மல்லுக்கட்ட வேண்டாம், நுனிகளைக் காப்பாற்றுங்கள். பச்சையாக, கெட்டியாக இருக்கும் நுனியை 8 செ.மீ. நீளத்தில் வெட்டுங்கள். வெட்டுவாயில் பழுப்பு வளையம் தெரிந்தால் இன்னும் மேலே வெட்டுங்கள். அடி இலைகளையும் மொட்டுகளையும் கிள்ளிவிட்டு, ஒரு நாள் நிழலில் உலர்த்தி, 15 செ.மீ. இடைவெளியில் நடுங்கள். இரண்டு வாரத்தில் வேர் பிடித்துவிடும்.

கேள்வி: பூ மதியத்திலேயே மூடிக்கொள்கிறது. நோயா?

பதில்: இல்லை, அதன் சுபாவமே அதுதான். ஒரு பூவின் ஆயுள் ஒரே நாள். மேகமூட்டமான நாளில் விரியாமலும் இருக்கும்.